மலையும் கடலும் ஒரே நாளில்

சொந்த ஊரைச் சுற்றிப் பார்க்க ஒரு கைடு வேண்டியிருக்கிறது என்று நினைத்ததும் பூதலிங்கத்துக்கு வாயெல்லாம் கசந்தது. காலை ஐந்தரை மணிக்கு மருந்துவாழ் மலையின் அடிவாரத்தில் வேனை விட்டு இறங்கி, கழுத்தில் விசில் தொங்கவிட்டிருந்த அந்த ஆளின் முன்னால் வரிசையாக நின்றார்கள். அவர், அவருடைய மகள் தாட்சாயணி, கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு புருஷன் பெண்சாதி, அவ்வளவுதான். அஜின் என்று பேர் சொன்ன அந்தக் கைடுக்கு முப்பத்தைந்து வயசிருக்கும். “மலையும் கடலும் ஒரே நாளில், இதுதான் நம்ம டூரோட பேரு, காலையில இரண்டாயிரம் அடி ஏறுகோம், மத்தியானம் வட்டக்கோட்டை, சாயங்காலம் முட்டத்துல சன்செட், ஓக்கேயா?” என்று கேட்டான். ஆயிரத்து எண்ணூறே முழுசாகக் கிடையாது, இரண்டாயிரமாம். முப்பத்தொரு வருஷம் நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்து, இந்தத் தாலுகாவின் எல்லைக்கல் ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது, எது எந்த ராத்திரியில் எவனால் நகர்த்தப்பட்டது என்று தெரிந்த மனிதனிடம் இவன் அடிக்கணக்கு சொல்கிறான். ஆனால் அவர் வாயைத் திறக்கவில்லை. திறக்கக் கூடாது, இன்றைக்குப் பூராவும் எதற்கும் திறக்கக் கூடாது, நாளை மறுநாள் அவள் விமானம் ஏறிவிடுவாள், அதுவரைக்கும். “அப்பா, ஷூ இறுக்கமா இருக்கா?” என்று கேட்டுக்கொண்டே தாட்சாயணி குனிந்து அவருடைய ஷூவின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள். அந்த ஷூவும் அவள் கொண்டுவந்ததுதான், ஆக்லாந்திலிருந்து. ஒன்பது வருஷம் கழித்து வீட்டுக்கு வந்தவள் பெட்டியைத் திறந்து முதலில் எடுத்தது அதைத்தான். அவளுடைய உச்சந்தலை வகிட்டில் நரை விழுந்திருந்தது. அவளுடைய அம்மை பகவதிக்கும் அங்கேதான் முதலில் நரைத்தது என்று நினைத்தார், உடனே அந்த நினைப்பைக் காலால் தள்ளுவதுபோலத் தள்ளினார். இந்த டூருக்கு அவர் ஒத்துக்கொண்டதே அடுத்த வீட்டுக் கோலம்மையால்தான். திருவனந்தபுரத்தில் மகன் வீட்டிலிருந்த கோலம்மை இன்றைக்குக் காலை பஸ்ஸில் வருகிறாள். ஆஸ்பத்திரியில் பகவதியின் பக்கத்தில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தவள் அவள். வாய் நிற்காது. ‘ஒன்னைத்தான் மக்கா தேடிட்டுக் கெடந்தா’ என்று தாட்சாயணியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆகவே மலையேறுவோம், கோட்டை பார்ப்போம், கடல் பார்ப்போம், ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புவோம். நாளைக்கு வேறே ஏதாவது கோயில் சொல்லலாம். ஒரு நாளை இப்படிக் கடத்தினால் இன்னொரு நாளையும் கடத்திவிடலாம்.

முதலில் படிகள்தான். படி என்றால் ஏறிவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள், ஐம்பது படி தாண்டியதும் தொடை சொல்லும் உண்மையை. பூதலிங்கத்துக்கு அறுபத்தெட்டு. அவர் எண்ண ஆரம்பித்தார், எண்ணினால் வேறு நினைப்பு வராது என்று. எழுபத்தொன்று, எழுபத்திரண்டு, ஆனால் எண்ணும் மனசுக்குக் கீழே இன்னொரு மனசு தன்பாட்டுக்கு ஊர்ந்துகொண்டே இருந்தது. தூக்கத்துல போயிட்டா. அப்படித்தான் சொன்னார். பகவதியை எரித்த மூன்றாம் நாள், அவளுடைய போனிலிருந்தே, மளிகைச் சிட்டையின் கடைசிப் பக்கத்தில் அவள் பென்சிலால் எழுதி வைத்திருந்த நம்பருக்கு அடித்து, ‘ஒங்கம்மை போயிட்டா, தூக்கத்துல போயிட்டா, ஒண்ணும் சங்கடப்படல்ல, காரியமெல்லாம் முடிஞ்சாச்சு’ என்றார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குழந்தை எதையோ கேட்டு நச்சரிக்கும் சத்தம் மட்டும் வந்தது. அப்போதுதான் அவருக்குத் தெரியும் பேரன் ஒருவன் இருக்கிறான் என்று. தூக்கத்துல. பதினோரு நாள் தூக்கம். மூக்கில் குழாய், கையில் ஊசி, நுரையீரலில் கோத்த நீர் இறங்கவே இறங்காத பதினோரு நாள். நூற்றுப் பன்னிரண்டு, நூற்றுப் பதின்மூன்று. “சார், மூச்ச வாயால விடாதிய, மூக்கால இழுங்க,” என்று மேலேயிருந்து அஜின் சொன்னான். அவனுக்கு மூச்சு வாங்கவில்லை. தாட்சாயணிக்கும் வாங்கவில்லை. அங்கே ஞாயிற்றுக்கிழமையானால் மூன்று பேரும் மலையேறப் போய்விடுவார்களாம், அவள், அவள் புருஷன், அந்தப் பையன். இதையெல்லாம் அவள் ஐந்து நாளாகச் சின்னச் சின்னதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், பூனைக்குத் தட்டில் பால் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பதுபோல. அவரும் நக்கிக்கொண்டுதான் இருக்கிறார். அதுதான் வெட்கம். அவள் போடும் தோசை பகவதியின் தோசை மாதிரியே ஓரம் முறுகி இருக்கிறது, அதைத் தின்கிறார், நன்றாக இருக்கிறது என்றும் சொல்கிறார். அவளோ அதற்குக் கண் கலங்கிப் போகிறாள்.

படிகள் முடிந்து பாறை தொடங்கியது. ஒரு குரங்கு கோயம்புத்தூர்க்காரியின் கையிலிருந்த பையையே பார்த்துக்கொண்டு கூட வந்தது. “ஏங்க, அது என்னைத்தாங்க பாக்குது,” என்று அவள் சொல்ல, புருஷன்காரன் சிரித்தான். அஜின் சஞ்சீவி மலையின் கதையைச் சொன்னான், அனுமார் தூக்கிக்கொண்டு போகும்போது ஒரு துண்டு விழுந்ததாம், அதுதான் இதாம், இதில் இல்லாத மூலிகை கிடையாதாம். எல்லா நோய்க்கும் மருந்து இருக்கிறதாம். இருக்கும், இருக்கும். பாறையில் கை ஊன்றி ஏறும்போது உள்ளங்கையில் மணல் குத்தியது. இதே மலையின் அடியில், மேற்குப் பக்கம், எண்பத்தேழில் ஒரு எல்லைத் தகராறுக்காக இரண்டு நாள் அளந்திருக்கிறார். அண்ணன் தம்பி இருவர், நடுவில் ஒன்றரை அடி. அளந்து கல் நட்டுவிட்டு வந்தார். அவர் நட்ட கல் நகராது என்று ஆபீஸில் பேரு. அந்தக் கர்வம்தான், வேறு என்ன. மகள் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று தெரிந்த அன்றைக்கும் அப்படி ஒரு கல்லைத்தான் நட்டார், வாசலில். பையன் பேர் பெர்க்மான்ஸ், கப்பலில் இன்ஜினியர், முட்டத்துக்கு அந்தப்புறம் கடற்கரையில் ஒரு ஊர், அப்பன் கட்டுமரக்காரன். அவர் போய் நிலம் அளந்த ஊர்தான் அதுவும். அங்கே அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள், அவர் வேண்டாமென்று சொல்லிவிட்டு, திரும்பும் வழியில் நாகர்கோவிலில் வந்து காப்பி குடித்தார். யார் கையிலிருந்து எதை வாங்கிக் குடிக்கலாம் என்பதற்கும், நிலத்துக்கு எல்லை வரைவதுபோல, ஒரு புலப்படம் இருந்தது அவர் மண்டையில், எந்த ஆபீஸிலும் கிடைக்காத படம். ‘அப்பா, நீங்க ஒருக்கா அவரைப் பாருங்க, பேசிப் பாருங்க,’ என்று அன்றைக்குத் தாட்சாயணி சொன்னாள். அவர் பார்க்கவில்லை. போன் நம்பரை மாற்றினார். கடிதம் வந்தால் பிரிக்காமல் திருப்பினார். பகவதி ஒன்றும் சொல்லவில்லை. முப்பத்து நாலு வருஷக் குடும்பத்தில் அவள் எதுவும் சொன்னதில்லை, அவரிடம். மகளிடம்தான் சொல்வாள். அடுக்களையில் அவர்கள் இரண்டுபேரும் சிரிக்கும் சத்தம் கேட்டு இவர் போனால் சிரிப்பு நின்றுபோகும், பானையை மூடியதுபோல. மகள் போனபிறகு அடுக்களையில் சத்தமே இல்லை. அப்போதாவது தன் பக்கம் திரும்புவாள் என்று அவர் எதிர்பார்த்தாரா? எதிர்பார்த்தார். அதை இன்றைக்கு, இந்தப் பாறையில், முழங்கால் மடங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும்போது, ஒத்துக்கொள்ளலாம். எதிர்பார்த்தார், அவள் திரும்பவில்லை.

“இங்கன உக்காருவோம் சார், பத்து நிமிஷம்,” என்றான் அஜின். ஒரு குகையின் வாசல். உள்ளே குளிர்ச்சியாகக் காற்று வந்தது, வௌவால் நாற்றத்தோடு. இதயம் காதுக்குள் அடித்தது. இந்த இடத்தில் அப்படியே நின்றுபோனால் என்ன என்று தோன்றியது. ஒரு நொடியில் எல்லாம் முடிந்துவிடும், கோலம்மை என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். பாவம் தாட்சாயணி, அப்பனும் தூக்கத்துல போயிட்டான் என்று யாரிடமாவது சொல்லிக்கொள்வாள். அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். “நாடி பாக்கட்டா அப்பா?” என்று மணிக்கட்டைப் பிடித்தாள். அந்த விரல்கள். ஆஸ்பத்திரியில் பகவதியின் விரல்கள் அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தன, மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை. மூச்சுக்கு நடுவில் ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வரும் அவளுக்கு. ‘தாட்சாவக். கூப்பிடுங்க. ஒருக்கா. பேசணும்.’ அவர் அவளுடைய போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். கண்ணாடிக் கதவு வழியாக அவளுக்கு அவர் தெரிவார். கீழே ஆட்டோ ஸ்டாண்டு, ஒருவன் சீட்டுக்கடியிலிருந்து துணியெடுத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். பூதலிங்கம் போனைக் காதில் வைத்தார். எந்த நம்பரையும் அழுத்தவில்லை. போன் செத்த பல்லியைப்போலக் காதில் ஒட்டியிருந்தது. முப்பது வரை எண்ணினார், மணி அடிப்பதற்கு அவ்வளவு நேரம் ஆகும் என்று. பிறகு உள்ளே வந்து, ‘அடிச்சேன். எடுக்கல்ல,’ என்றார். ஏன் அப்படிச் செய்தார்? அவள் வந்தால் அவனும் வருவான், கொழுந்தியாள்கள், மச்சினன்மார், சமுதாயத்துக்காரர்கள் முன்னால் மருமகன் என்று நிற்பான், அதற்காகத்தான் என்று இரண்டு வருஷமாகத் தனக்குத்தானே சொல்லிவந்தார். பொய், அதுவும் பொய். கடைசி நாட்களிலாவது பகவதிக்குத் தன்னைத் தவிர வேறு ஆளில்லாமல் இருக்கட்டும் என்றுதான். அவள் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சாகட்டும் என்றுதான். “நூத்து இருபத்தெட்டு,” என்றாள் தாட்சாயணி. “கொஞ்சம் கூடத்தான். திரும்பிருவமா அப்பா?” அவளுக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று? செத்தவள் எடுத்துக்கொண்டு போய்விட்டாளா? “இல்ல மக்கா, ஏறிரலாம்,” என்றார். ஏறிரலாம். கீழே போனால் வீடு, வீட்டுக்குப் பக்கத்தில் கோலம்மை.

உச்சிக்கு வந்தபோது மணி எட்டு. காற்று சட்டையைப் பிய்த்துக்கொண்டு போவதுபோல அடித்தது. தெற்கே கடல் வெள்ளித் தகடாகக் கிடந்தது, மேற்கே சுசீந்திரம் கோபுரம், குளங்கள், வயல்கள், வடக்கே காற்றாலைகள் சும்மா சுற்றிக்கொண்டிருந்தன. கோயம்புத்தூர் தம்பதி கையை விரித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். தாட்சாயணி அனுமார் கோயில் சுவரில் சாய்ந்து நின்று கோபுரத்தையே பார்த்தாள். “அம்மா இங்க ஏறிருக்காளா அப்பா?” என்று கேட்டாள். “இல்ல.” “ஒருக்காகூட?” “அவளுக்கு எங்க நேரம்.” ஒரு தடவை பகவதி கேட்டிருந்தாள், கல்யாணமான புதிதில், இந்த மலைக்குப் போவோமா என்று. வெயில் என்று சொல்லிவிட்டார். அந்த வெயில் முப்பத்து நாலு வருஷமும் தணியவில்லை. தாட்சாயணி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். “நான் ஒண்ணு சொல்லுகேன், கேளுங்க. ரெண்டு வருஷமா நெனச்சு நெனச்சு அழுதாச்சு. அம்மா வலி தெரியாம, தூக்கத்துல போனாள்லா, அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல். நீங்க கூட இருந்தியளே, அது ஒரு ஆறுதல். இல்லைன்னா எனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கும்.” அவர் கடலைப் பார்த்தார். ஆறுதல். அவள் இந்த மலைக்குமேல் நிற்பதே அந்தப் பொய்மேல்தான், அவள் கட்டின ஷூக் கயிறு, பிடித்த மணிக்கட்டு, ஓரம் முறுகின தோசை எல்லாம் அதன்மேல்தான். இத்தனை அன்பும் அவருக்கு வந்தது அல்ல. தூக்கத்தில் போன ஒருத்தியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேறொரு மனுஷனுக்கு வந்தது, இவர் வாங்கித் தின்றுகொண்டிருக்கிறார். “காத்து கூடுதலா இருக்கு, இறங்கலாம்,” என்றார்.

ஏறுவதைவிட இறங்குவது மோசம். ஒவ்வொரு படியிலும் முழங்காலுக்குள் யாரோ சுத்தியால் தட்டினார்கள். கீழே வந்து இட்லி தின்றார்கள். வேன் கிளம்பியது. வட்டக்கோட்டைக்குப் போனார்கள், வட்டமே இல்லாத, நாலு மூலை உள்ள கோட்டை, அதற்கு வட்டக்கோட்டை என்று பேர். பேரில் என்ன இருக்கிறது, அவரையும் ஊரில் நல்ல மனுஷன் என்றுதான் சொல்கிறார்கள், பெண்டாட்டியைக் கடைசிவரை கண்ணுக்குக் கண்ணாகப் பார்த்தவர் என்று. கோட்டைச் சுவரில் வெயில் கொதித்தது. அஜின் எதையெதையோ சொன்னான், டச்சுத் தளபதி, திருவிதாங்கூர் ராஜா. பகவதி இரண்டாவது தடவை கேட்டது வியாழக்கிழமை. அன்றைக்கு வராந்தாவில் போனைக் காதில் வைத்துக்கொண்டு உதட்டையும் அசைத்தார், ‘ஹலோ, ஹலோ’ என்று, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவள் பார்க்கிறாள் என்று தெரிந்து. எந்த நாடகத்திலும் நடித்திராத மனுஷன் அன்றைக்கு நடித்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வேன் ஒரு ஓட்டலில் நின்றது. மீன்குழம்பு இருந்தது. “அப்பாவுக்கு சைவம்,” என்று தாட்சாயணி முந்திக்கொண்டு சொன்னாள், அவளும் சைவமே வாங்கினாள். அங்கே அவள் மீன் தின்பாள், தெரியும், கடற்கரைக்காரனைக் கட்டியவள் தின்னாமல் இருப்பாளா. இவருக்காக வேண்டாம் என்கிறாள். அவர் மோரைச் சோற்றில் ஊற்றிக்கொண்டே இருந்தார், சோறு மிதக்கும்வரை. மூன்றாவது தடவை சனிக்கிழமை. பகவதி கேட்கவில்லை. கேட்கவே இல்லை, வெறுமனே போனைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். அவரே எழுந்து வராந்தாவுக்குப் போய்த் திரும்பி வந்தார். வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். ‘எடுத்திருக்க மாட்டா,’ என்றாள். குழாய்க்கு நடுவில் மெதுவாக மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள், ‘அவளுக்கு எம்மேலயும் கோவம் போல.’ அவ்வளவுதான். அதற்கப்புறம் நாலு நாள் இருந்தாள், மகள் பேரை எடுக்கவில்லை. எம்மேலயும். அந்த ‘யும்’தான். அந்த இரண்டெழுத்து இரண்டு வருஷமாக அவருடைய தொண்டையில் மீன் முள்ளாக நிற்கிறது, விழுங்கவும் முடியவில்லை, கக்கவும் முடியவில்லை. கோலம்மைக்குக்கூட அந்த வார்த்தை தெரியாது. உலகத்தில் அது ஒருத்தருக்குத்தான் தெரியும், அவர் செத்தால் அதுவும் செத்துப்போகும். நல்லதுதானே? சங்குத்துறைக் கடற்கரையில் எல்லோரும் இறங்கினார்கள், அவர் வேனிலேயே இருந்தார். இறங்கினால் ஏற முடியாது என்று அஜினிடம் சொன்னார். ஜன்னல் வழியாகத் தாட்சாயணி தெரிந்தாள், ஈர மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தனியாக, கடலைப் பார்க்காமல் தன் பாதத்தையே பார்த்துக்கொண்டு. அவள் ஏதும் கேட்டுவிடுவாளோ என்று பயந்த காலம் போய், கேட்க மாட்டேன் என்கிறாளே என்று கோபம் வந்தது அவருக்கு. கேளேன். ஒரு தடவை கேளேன், சண்டை போடேன்.

முட்டத்தில் பாறைகள் கடலுக்குள் நடந்துபோனவைபோல நின்றன. கலங்கரை விளக்கத்தைத் தாண்டி ஒரு மேட்டில் வேனை நிறுத்தி, “சன்செட்டுக்கு இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு, பாறை விளிம்புக்கு மட்டும் போகாதிய,” என்றான் அஜின். கோயம்புத்தூர் தம்பதி டீக்கடைப் பக்கம் போனார்கள். பூதலிங்கத்தைத் தாட்சாயணி கைத்தாங்கலாக ஒரு சிமெண்ட் பெஞ்சுக்குக் கூட்டிவந்து உட்காரவைத்தாள். அந்தப் பக்கம், இரண்டு வளைவு தாண்டி, ஒரு வெள்ளைக் கோபுரச் சர்ச் தெரிந்தது. “அதுதான் அவங்க ஊரு,” என்றாள். “மாமியார் தனியாத்தான் இருக்கா. நாளைக்குப் போய்ப் பாக்கணும்.” பிறகு சொன்னாள், “அம்மா சீக்குன்னு மட்டும் தெரிஞ்சிருந்தா அன்னைக்கே ஃபிளைட் ஏறிருப்பேன் அப்பா. ஒரே நாள் ராத்திரில, ஒண்ணுமே தெரியாமப் போயிட்டா. என்ன செய்ய முடியும், இல்லையா? ஒங்களாலயும் என்ன செய்ய முடியும்?” அவள் அவரை மன்னித்துக்கொண்டிருந்தாள். அவர் செய்யாததற்கெல்லாம் மன்னித்துக்கொண்டிருந்தாள். அலை வந்து பாறையில் மோதி, நுரை மேலெழுந்து, அவருடைய முகத்தில் ஒரு துளி உப்பு விழுந்தது. அதற்குப்பிறகு நடந்ததை அவர் திட்டமிடவில்லை. இன்றைக்குப் பூராவும் மூடிவைத்த வாய், தானாகத் திறந்தது.

“தூக்கத்துல போகல்ல,” என்றார்.

தாட்சாயணி திரும்பினாள்.

“பதினோரு நாள் ஆஸ்பத்திரில கெடந்தா. நெஞ்சுல நீர் கோத்து. நெனப்பு இருந்துது, கடைசி நாளைக்கு முந்தின நாள் வரைக்கும் நெனப்பு இருந்துது.”

“பதினோரு நாளா?” அவளுடைய குரல் சின்னதாகிவிட்டது. “என்னைக் கேட்டாளா?”

பூதலிங்கம் தலையை அசைத்தார்.

“எத்தன தடவ?”

“மூணு. செவ்வா, வியாழன், சனி. சனிக்கிழம வாயத் தெறந்து கேக்கல்ல.”

அவள் நின்றாள். சத்தம் போடுவாள், அடிப்பாள் என்று அவர் காத்திருந்தார், அடித்தால் தேவலை. அவள் மெதுவாக, கணக்குப் புரியாத பிள்ளைபோலக் கேட்டாள். “அப்பம், நான் ஏன் வரல்லன்னு அம்மா நெனச்சா?”

இங்கே ஒரு பொய் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நீ பிள்ளைத்தாச்சி, வர முடியாதுன்னு சொன்னேன். நீ அழுதேன்னு சொன்னேன். முதல்முறையாக ஒரு பொய் யாருக்காவது நல்லது செய்திருக்கும். அவருக்கு அது தெரிந்தது, நாக்கு நுனிவரை வந்ததும் தெரிந்தது. ஆனால் அதையும் அவள் ஆறுதல் என்று எடுத்துக்கொள்வாள், மறுபடியும் குனிந்து ஷூக் கயிறு கட்டுவாள். அதை அவரால் தாங்க முடியாது.

“நீ போன எடுக்கல்லன்னு சொன்னேன். மூணு தடவையும். நான் அடிக்கவே இல்ல. காதுல வச்சிட்டு நின்னேன்.” பிறகு, நிறுத்த முடியாமல், அந்த முள்ளையும் கக்கினார். “ஒனக்கு அவமேலயும் கோவம் போலன்னு சொன்னா.”

தாட்சாயணி தன் போனை எடுத்தாள். யாரையோ கூப்பிடப் போகிறாள் என்று நினைத்தார். அவள் கூப்பிடவில்லை. விரலால் தள்ளிக்கொண்டே போனாள், மாதம் மாதமாக, படங்கள் ஓடின, ஒரு இடத்தில் நின்றாள். அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஊஞ்சலில் ஒரு பையன், வாயில் இரண்டு பல் இல்லாமல் சிரித்துக்கொண்டு. “இது அந்தச் செவ்வாக்கிழம,” என்றாள். “நாலு மணிக்கு. போன் எங்கையிலதான் இருந்துது அப்பா. பூரா நேரமும் எங்கையிலேயேதான் இருந்துது.” அந்தப் படத்தை அவள் அணைக்கவில்லை. “இத அம்மாட்ட யாரு சொல்லுவா?” என்று கேட்டாள். அவரிடம் கேட்டதுபோல இல்லை. கடலிடம் கேட்டதுபோலவும் இல்லை. அவர் சொல்லவேண்டியதெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. மனசு இலேசாகும் என்று எங்கேயோ நினைத்திருந்தாரே, அது பொய்யாயிற்று. தொண்டையில் இருந்த முள் இப்போது அவளுடைய தொண்டையில் இருந்தது. அதை இடம் மாற்றியதுதான் அவர் செய்தது.

அவள் வேனுக்குப் போய்த் தன் பையை எடுத்துக்கொண்டாள். “அண்ணே, நான் இங்கயே இறங்கிக்கிடுகேன். மாமியார் வீடு பக்கத்துலதான். எங்கப்பாவ மட்டும் வீட்டு வாசல்ல கொண்டு விட்டிருங்க, அவருக்குக் காலு சரியில்ல,” என்று அஜினிடம் சொல்லும் குரல் கேட்டது. திடமாகத்தான் இருந்தது. பிறகு அவள் அந்த மேட்டுச் சாலையில், சர்ச் தெரிந்த பக்கம், நடக்கத் தொடங்கினாள். மலையேறிப் பழகிய நடை, வேகமான நடை. திரும்பிப் பார்ப்பாள் என்று பூதலிங்கம் முதல் வளைவு வரை பார்த்துக்கொண்டிருந்தார், வளைவுக்கப்புறம் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் எல்லோரும் கை தட்டினார்கள். சூரியன் விழுந்துவிட்டது போலிருக்கிறது, அவர் பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் கோயம்புத்தூர்க்காரி, “உங்க பொண்ணு வர்லீங்களா?” என்று கேட்டாள். “மாமியார் வீட்டுக்குப் போயிருக்கா,” என்றார். ஒன்பது வருஷத்தில் முதல்தடவையாக அந்த வார்த்தையைச் சொன்னார், அது எவ்வளவு சாதாரணமான வார்த்தையாக இருந்தது, எல்லா வீட்டிலும் சொல்வது, நாக்கில் ஒரு சிக்கலும் இல்லாமல் வெளியே வந்தது. பகவதி இருந்தபோது இதை ஒருதடவை சொல்லியிருந்தால். யாரோ கேட்க, ‘மாமியார் வீட்டுல இருக்கா’ என்று இவர் சொல்ல, அடுக்களையிலிருந்து அவள் கேட்டிருந்தால். அவ்வளவுதானே, மூன்று வார்த்தை. அதற்கு எந்தக் கல்லை எங்கே நகர்த்தவேண்டியிருந்தது? வேன் குலுங்கியது. நாளைக்கு அவள் பெட்டியை எடுக்க வருவாளா, அல்லது பெர்க்மான்ஸின் ஆட்கள் யாரையாவது அனுப்புவாளா, யாராவது வந்தால் உள்ளே உட்காரச் சொல்ல வேண்டுமா, காப்பி போட வீட்டில் பால் இருக்கிறதா. அந்தப் பையன் பேரைக்கூட அவர் இதுவரை கேட்கவில்லை. இரண்டு பல் இல்லாமல் சிரிக்கிறான். முன்னால் அஜின் பின்பக்கம் திரும்பி, டூர் பிடித்திருந்தால் போனில் அஞ்சு ஸ்டார் போடச் சொல்லிக்கொண்டிருந்தான். “சார், ஒங்களுக்கு எப்படி இருந்துது?” என்று கேட்டான். “நல்லா இருந்துது,” என்றார் பூதலிங்கம்.

வீட்டு வாசலில் வேன் நின்றபோது அவரால் எழுந்திருக்க முடியவில்லை. முழங்கால்கள் இரண்டும் மடங்கினபடியே இறுகிப்போயிருந்தன. அஜின் இறங்கி வந்து, கதவைத் திறந்து, ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தான், பிறகு மற்றக் காலை. அவன் தோளைப் பிடித்துக்கொண்டு தரையில் நின்றார். வீட்டில் விளக்கில்லை.

“ரொம்ப வலிக்குகா சார்?”

யோசித்துப் பார்த்தார். “இல்லடே. ஒண்ணும் தெரியல்ல.”

“இன்னைக்கித் தெரியாது சார்,” என்றான் அஜின், வேனின் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டே. “நாளைக்குத்தான் தெரியும்.”